இறங்காத அளவு

ஜூன் 3

அன்புள்ள மகராசிக்கு,

போனை எடுக்கமாட்டேன் என்று உன் அக்காவிடம் சொல்லி அனுப்பிவிட்டாய். சரி, எழுதுகிறேன். நலமா? ஊரில் எல்லோர் கண்ணுக்கும் பவர் பார்த்துக் கொடுக்கிறேன், நீ ஏன் போனாய் என்பது மட்டும் எனக்குத் தெரியவில்லை. வந்தவர்கள் முன்னால் "இவ வேன் ஓட்டினா ஸ்டியரிங்குக்கு மூச்சு முட்டுது"ன்னு சொன்னது வெறும் விளையாட்டு. அதற்கு ஒரு தட்டை உடைத்துவிட்டுக் கிளம்புவார்களா?

உன்,
கண்ணாடிக் கடைக்காரன்

ஜூன் 11

கண்ணாடிக் கடைக்காரருக்கு,

நலமில்லை. முகம் இன்னும் உப்பிக்கொண்டே போகிறது. மாடிப்படியில் தொடை நடுங்குகிறது. லேசாக இடித்தாலும் கன்றிப்போகிறது. படுத்தால் தூக்கம் இல்லை. எழுந்து அக்கா வீட்டுக் கூடத்தில் நடக்கிறேன், அக்கா பயந்து எழுந்து வருகிறாள்.

அவள்தான் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் சாப்பாட்டைப் பற்றிக் கேட்கவே இல்லை. என் கன்றல்களைப் பார்த்துவிட்டு எச்சில் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். மன அழுத்தம் வந்தால் உடம்பில் சுரக்கிற ஒன்று, படுக்கப்போகும் நேரத்தில் தானாக இறங்கிவிட வேண்டுமாம். இறங்குகிறதா என்று எச்சிலிலேயே தெரியுமாம்.

லேபில் இருந்த பெண் ஒரு குழாயும் பஞ்சுச் சுருளும் தந்தாள். "படுக்கறதுக்கு முன்னாடி இத வாயில வச்சு மெதுவா மெல்லுங்கக்கா. கையால தொடாதீங்க. கோபமா இருக்கிற அன்னிக்கு மட்டும் எடுத்துடாதீங்க, அளவு ஏறிடும்" என்றாள். கோபமில்லாத நாள் எனக்கு எங்கே இருக்கிறது என்று அக்கா சிரித்தாள். இரண்டு நாள் எடுத்துக் கொடுத்தாயிற்று. காத்திருப்பதுதான் முடியவில்லை.

ஜூன் 19

இரண்டு குழாயிலும் அளவு பல மடங்கு. இறங்கவே இல்லை. ஸ்கேனில் மூளைக்கு அடியில் பட்டாணி அளவு கட்டி தெரிகிறது. உடம்பு உப்புவது, தூக்கம் போவது, கோபம் வருவது எல்லாம் அதனால்தானாம். புற்று இல்லை என்கிறார்கள். மூக்கு வழியாக எடுப்பார்களாம். எனக்குப் பயமாக இருக்கிறது. சொல்லவேண்டும் என்று தோன்றியது, சொல்லிவிட்டேன்.

ஜூன் 22

என் மகராசி,

கடிதத்தைப் படித்துக் கடையிலேயே அழுதுவிட்டேன். ஆனால் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியதும் உண்மை. அப்படியானால் போனது நீ இல்லை, அந்தக் கட்டிதான்! தட்டை உடைத்ததும் அதுதான். நம் இரண்டு பேர் மேலும் தப்பில்லை. கடையை மூடிவிட்டு வருகிறேன், ஆபரேஷன் முடிகிறவரை உன் பக்கத்திலேயே இருப்பேன். சரியானதும் நேராக நம் வீடு.

உன்னவன்

செப்டம்பர் 30

அன்புள்ள உங்களுக்கு,

ஆஸ்பத்திரியில் நீங்கள் இருந்த இருப்பை மறக்கமாட்டேன். மூக்கில் அடைப்போடு நான் படுத்திருந்தபோது, வாய் உலராமல் கரண்டியால் தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தீர்கள். நர்ஸ்கூட "இப்படி ஒரு மனுஷனா!" என்றாள்.

மறுபடியும் எச்சில் எடுத்தார்கள். அளவு இறங்கிவிட்டது. முதலில் துவண்டு கிடந்தேன், மாத்திரையோடு இப்போது தேறிவிட்டேன். கன்னம் வடிந்துவிட்டது.

பார்க்க வந்தவர்களிடமெல்லாம் "அவ புத்தியே அவகிட்ட இல்லீங்க, இனி சரியாயிடுவா" என்றீர்கள். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கும் அப்படியே இருந்துவிட்டால் நல்லது என்றுதான் இருந்தது. தட்டை உடைத்தது வேண்டுமானால் கட்டியாக இருக்கட்டும். ஆனால் ஒரு வருஷமாக "உடம்புல ஏதோ சரியில்லைங்க" என்று உங்களிடம் சொன்னது நான். ஒவ்வொரு முறையும் சிரித்தது நீங்கள். இன்றுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவசரப்பட வேண்டாம் என்று பொறுத்துப் பார்த்தேன். இந்த வாரம் முழுக்க அக்கா வீட்டில் அடித்துப்போட்டாற்போல் தூங்கினேன். காலையில் எழுந்து, யார் மேலும் கோபமில்லாமல், நிதானமாக யோசித்தேன். அப்போதும் நம் வீட்டுக்கு வரத் தோன்றவில்லை.

இங்கே ஒரு பள்ளியில் வேன் ஓட்டக் கூப்பிட்டிருக்கிறார்கள். பீரோவின் மேல்தட்டில் இருக்கும் என் பழைய சுடிதார்களை மட்டும் அனுப்பிவையுங்கள். இப்போது அளவு சரியாக இருக்கும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.