பெயர் ஒட்டாத கேன்

8 ஜூலை, செவ்வாய்

நல்ல வெயில். காலையிலேயே துணி காய்ந்துவிட்டது. நான்காம் படிவ வகுப்புக்கு இன்று தனிம அட்டவணையில் குரூப் 1: லித்தியம், சோடியம், பொட்டாசியம். வெளிக்கூட்டில் ஒரே ஒரு எலக்ட்ரான், அதைக் கழற்றிவிடத்தான் அத்தனை அவசரம். கீழே போகப் போக அது கருவுக்குத் தூரம். பிடி தளர்வு, வேகம் கூடுதல். பிள்ளைகளுக்குப் புரிந்தது போல.

மதியம் போன். என் வீட்டுக்காரர் சேகர் நீச்சல் குள வேலை பார்க்கும் கிளேபாங் ஹோட்டலிலிருந்து, அறை சுத்தம் செய்யும் மலாய்க்கார அக்கா காக் ரோஸ். நீச்சல் குள ஸ்டோரில் புகையாம், இவர் விழுந்துவிட்டாராம், காக் ரோஸ்தான் இழுத்து வெளியே போட்டாராம். பாதி வகுப்பில் கிளம்பினேன்.

ஹாஸ்பிட்டல். முகத்தில் ஆக்ஸிஜன். கண் இரண்டும் ரத்தச் சிவப்பு. சட்டையில் அந்த வாடை. யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. குளோரின்.

9 ஜூலை, புதன்

லீவு. ஹோட்டல் மேனேஜர் தியாகு ஆப்பிளோடு வார்டுக்கு வந்தார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, சேகர் கவனமில்லாமல் குள மருந்தை மாற்றி ஊற்றிவிட்டார் என்றார். பிறகு:

"குளோரின்தானே டீச்சர். குடிக்கிற தண்ணியிலயே போடுறாங்க. ஒண்ணும் ஆவாது."

ஒன்றும் ஆகாதாம். என்னிடம் சொல்கிறார்.

குளோரினுக்கு வெளிக்கூட்டில் ஏழு எலக்ட்ரான். எட்டுக்கு ஒன்று குறை. அந்த ஒன்றைத் தொட்ட இடத்திலெல்லாம் பிடுங்கும். கிருமி சாவதும் அதனால்தான், சாயம் வெளுப்பதும் அதனால்தான். நுரையீரலுக்கு மட்டும் சலுகை காட்டுமா? அங்குள்ள ஈரத்தில் அமிலமாகி, சதையைச் சுடும். குளத்துக்கு ஊற்றும் மருந்தில் அது சோடியத்தோடும் ஆக்ஸிஜனோடும் கட்டுண்டு கிடக்கிறது. அமிலம் சேர்ந்தால் கட்டு அவிழ்ந்து வாயுவாகக் கிளம்பும். குழாய்த் தண்ணீரில் ஒரு துளியும், பூட்டிய அறையில் ஒரு பக்கெட்டும் ஒன்றா?

வாய் வரை வந்தது. வார்டு என்பதால் அடக்கிக்கொண்டேன்.

10 ஜூலை, வியாழன்

மழை. இவருடைய பையை எடுக்க ஹோட்டலுக்குப் போனேன். காக் ரோஸ் ஸ்டோரைத் திறந்து காட்டினார். ஒரே அலமாரித் தட்டில் இரண்டு வெள்ளைக் கேன். ஒன்றில் குளோரின் மருந்து, ஒன்றில் அமிலம். ஸ்டிக்கர் கிடையாது. புகையை வெளியேற்றும் காற்றாடி ஓடி மாதக்கணக்காகிறதாம். பெயர் ஒட்டச் சொல்லி இவர் கேட்டுக்கொண்டே இருந்தாராம். பள்ளி லேப்பில் ஒரு பிள்ளை போத்தலில் பெயர் எழுத மறந்தாலே நான் விடமாட்டேன்.

மேனேஜரிடம் கேட்டேன். இத்தனை வருஷம் ஒன்றும் நடக்கவில்லையே என்றார். அவ்வளவுதான் பதில்.

வெளியே வந்து காருக்குள் உட்கார்ந்தே வேலைப் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போன் போட்டேன். எல்லாம் சொன்னேன்.

12 ஜூலை, சனி

வீட்டுக்கு வந்துவிட்டார். கஞ்சி. இருமல். மாடிப்படி ஏற மூச்சு வாங்குகிறது. புகார் செய்ததைச் சொன்னேன்.

"ஏன்லா இப்படிச் செஞ்ச? வேலை போயிரும்."

எனக்கு இவர் மீதும் கோபம். மேனேஜரை விட இவர் மேல்தான் அதிகம். நீங்கள் செத்திருந்தால் அந்த வேலையை வைத்து நான் என்ன செய்வது என்று கேட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

14 ஜூலை, திங்கள்

பால், கோதுமை மாவு, இவர் மருந்து வாங்க.

சாயங்காலம் தியாகு வீட்டுக்கே வந்தார். இந்த முறை ஆரஞ்சு. நாளை பாதுகாப்பு அலுவலக அதிகாரி விசாரிக்க வருகிறாராம். நான் தேநீர் போடவில்லை, வேண்டுமென்றேதான்.

"கேட்டா, அவசரத்துல மாத்தி ஊத்திட்டேன்னு சொல்லிடு சேகர். நான் உன்னைப் பாத்துக்குறேன்."

இவர் கொஞ்ச நேரம் இருமினார். சரி என்று சொல்லிவிடுவார் என்றே நினைத்தேன்.

"ரெண்டு கேனும் ஒரே மாதிரி இருந்துச்சு பாஸ். எது எதுன்னு எழுதச் சொல்லி உங்ககிட்டதான் கேட்டேன். அதான் சொல்லுவேன்."

தொண்டை கிழிந்த குரல். ஆனாலும் ஒவ்வொரு வார்த்தையும் தெளிவு. தியாகு போன பிறகு எங்கள் இரண்டு பேருக்கும் தேநீர் போட்டேன்.

17 ஜூலை, வியாழன்

வகுப்பில் குரூப் 17, குளோரின் இருக்கும் குடும்பம். குரல் உடைந்துவிடுமோ என்று பயம். உடையவில்லை.

அதிகாரிகள் வந்து ஸ்டோரைப் பூட்டிவிட்டார்களாம், அமிலத்துக்குத் தனி அறை வேண்டுமாம், அதுவரை குளத்துக்கு மருந்து போடக் கூடாதாம். காக் ரோஸ் சொன்னது. தியாகுவிடமிருந்து மன்னிப்பு என்று ஒரு வார்த்தை? இதுவரை இல்லை.

இப்போது தியாகு போன். இவர் தூங்கிக்கொண்டிருந்தார், நான் எடுத்தேன். உடம்பு எப்படி என்று கேட்கவில்லை. மருந்தில்லாமல் குளம் பாசி பிடித்துப் பச்சையாகிவிட்டது, கெஸ்டெல்லாம் கத்துகிறார்கள், சேகர் எப்போது வருவார் என்றார்.

"பச்சையாவே கெடக்கட்டும் சார்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.