எதிர்ப்பக்கத்து வக்கீல் சொன்னது

லூயிஷாம்,
மாசி 2005

அன்புள்ள அம்மாவுக்கு,

நீங்களும் ஐயாவும் சுகமாயிருக்கச் சிவனை வேண்டுகிறேன். நான் நலம். குளிருக்கு மட்டும் தாடை கொஞ்சம் வலிக்கும்.

என்னைக் கார் மோதியதற்கு நீதிபதி தந்த நட்டஈடு கூடிப்போயிற்று என்று இன்சூரன்ஸ்காரர் அப்பீல் செய்தது தெரியும்தானே. போன கிழமை அது விசாரணைக்கு வந்தது. முகத்துத் தழும்பால் எனக்குக் கலியாணம் நடப்பது கஷ்டம் என்று நீதிபதி அதில் ஒரு தொகை சேர்த்திருந்தார். அதைத்தான் வெட்டச் சொன்னார்கள். அவர்களுடைய வக்கீல், "படித்த, வடிவான பிள்ளை. விரும்பிக் கட்ட ஆட்கள் வருவார்கள்" என்றார். உடனே எங்கள் வக்கீல் எழும்பி, எங்கள் சனத்தில் இப்படியொரு பெண்ணை ஒருவரும் எடுக்கமாட்டார்கள் என்று நெடுநேரம் விளக்கினார்.

பக்கத்திலிருந்த குகதாசன் சித்தப்பா, "எங்கட ஆள் நல்லாப் பேசுறார், பிள்ளை" என்றார். நான் நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாங்கள் வென்றுவிட்டோம். ஐயாவிடம் சொல்லுங்கோ.

சம்பந்தம் பேச வருபவர்களிடம் என் பழைய படத்தைக் காட்டாதையுங்கோ. அதை எனக்கு அனுப்பிவிடுங்கோ, இங்கே என்னிடம் அப்படிப் படம் ஒன்றும் இல்லை. உங்கள் கையால் வறுத்த மிளகாய்த்தூளும் கொஞ்சம்.

ஷிப்டுக்கு நேரமாகிறது. ஒன்று மட்டும் ஐயாவுக்குச் சொல்லவேண்டாம். எங்கள் வக்கீல் பேசி முடிக்கும்வரை, மற்றப் பக்கத்து வக்கீல் வெல்லட்டும் என்றுதான் சிவனைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மகள்
சுவர்ணா