வாசலில் இருந்து நாற்காலி வரை

ஜூன் 4

அன்புள்ள அக்கா,

காலையில் எழுந்ததும் முதல் வேலையாகக் கணினியின் காமிராவைத் துடைத்தேன். பிறகுதான் பல் தேய்த்தேன். அப்பா ஸ்டெதஸ்கோப்பைத் துடைப்பாரே, அந்த மாதிரி என்று வைத்துக்கொள். இன்று திரையில் பத்தொன்பது நோயாளிகள். ஒருத்தி குழந்தை பெற்று ஆறு நாள்தான் ஆகிறது; ஆஸ்பத்திரிக்கு மூன்று பஸ் மாற வேண்டும். படுத்தபடியே தையலைக் காட்டி மருந்து கேட்டுக்கொண்டாள். அதனால் இந்த வேலையை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனாலும் அப்பாவின் அறை நினைவுக்கு வந்துகொண்டே இருக்கிறது. வாசலில் இருந்து நோயாளியின் நாற்காலிக்குப் பதினோரு அடி. அவர்கள் நடந்து வந்து உட்காருவதற்குள் அப்பா பாதி கண்டுபிடித்திருப்பார். நீ சீட்டு கொடுத்துக்கொண்டே என் காதில், "முட்டிதான்டி, என்ன பந்தயம்?" என்பாய். எப்போதும் நீதான் ஜெயிப்பாய். என் திரையில் எல்லோரும் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோ போனில் நான் டாக்டர், பிரஷர்தான் கேட்பேன். மற்றதையெல்லாம் எழுது.

உன் வாலு

ஜூன் 15

அடி வாலு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். டாக்டர் கையெழுத்து, முதல் தடவை ஒன்றும் விளங்கவில்லை.

அப்பாவைப் பார்க்க ஜனங்கள் இரண்டு மணி நேரம் வெயிலில் நின்றதை மறந்துவிட்டாயா? மயங்கி விழுந்தவர்கள் முகத்தில் தண்ணீர் தெளித்தவள் நான். உன் திரை எவ்வளவோ தேவலை. வாராவாரம் என்னைப் பார்க்கிறாய், எனக்கு என்ன குறை? முகம் தெளிவாக இருக்கிறது என்று நீயே சொன்னாய். லீவு கீவு போட்டு ஓடி வராதே. போன தடவை நான் தும்மியதற்கே வந்து நின்றவள் நீ.

அப்பாவின் அறையைப் பூட்டித்தான் வைத்திருக்கிறேன். இரண்டு நாற்காலிகளும் போட்டபடியே இருக்கின்றன.

அக்கா

ஜூன் 28

அன்புள்ள அக்கா,

இன்று பேசி முடித்ததும் போனை அணைத்துவிட்டதாக நினைத்தாய். அணையவில்லை. "அப்பாடா" என்றாய். பிறகு எழுந்தாய்.

மேசையைப் பிடித்தாய், அப்புறம் சுவரை. வலது பாதம் தரையை விட்டு எழவே இல்லை. சமையலறை வாசலுக்கு இருபத்து மூன்று அடி. எண்ணினேன்.

முட்டி இல்லை அக்கா, நரம்பு. இந்த ஒரு பந்தயத்தில் நான் ஜெயித்திருக்க வேண்டாம்.

எத்தனை மாதமாக, நான் கூப்பிடும் முன்பே தலை வாரி, உட்கார்ந்து, சிரித்துக்கொண்டு காத்திருந்தாய்? டாக்டர் எதைப் பார்ப்பார் என்று உனக்குத் தெரியாதா என்ன. திரையைச் சொல்லிக் குற்றமில்லை. "எழுந்து கொஞ்சம் நடந்து காட்டு" என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை. அக்காவாயிற்றே, பார்த்தால் போதும் என்றிருந்துவிட்டேன்.

இதைத் தபாலில் போடப் போவதில்லை. போனிலும் சொல்ல மாட்டேன். சொன்னால், யார் வீட்டுக்கோ போவதாகக் கதை கட்டுவாய். நான் கிளம்புவது அடுத்த அறையில் இருக்கும் என் வீட்டுக்காரருக்கே இன்னும் தெரியாது. நாளைக் காலை முதல் வண்டியில் இந்தக் கடிதத்தை நானே கொண்டு வருகிறேன். அறையைத் திறந்து அப்பாவின் நாற்காலியில் உட்காருவேன்.

நீ வாசலில் இருந்து வா. மெதுவாகவே வா.

உன் வாலு