குழாயை வெட்டுவதற்கு முன்

ஆரணி,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் பானுப்ரியாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நான், அம்மா, எட்டுத் தறியில் ஏழு தறி எல்லாரும் சௌக்கியம், நாலாம் நம்பர் தறி மட்டும் படுத்துக் கிடக்கிறது, அந்தக் கதையைப் பின்னால் சொல்கிறேன். அங்கே இங்கிலாந்துக் குளிரில் நீ இருமல் சளி இல்லாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். முதலில் ஒன்று. திங்கட்கிழமை நீ உருவாக்கும் அந்தக் காருக்கு சைலன்சர் குழாய் வெட்டப்போவதாகச் சொன்னாய், தப்பாக வெட்டிவிட்டால் மறுபடி வாங்கக் கட்டுப்படியாகாத விலை என்றும் சொன்னாய். இதைக் கடைசி வரை படிக்காமல் குழாயில் ரம்பத்தை வைக்காதே. தபாலில் போட்டால் நீ காரைச் செய்து முடித்துக் கொடுத்த பிறகுதான் வந்து சேரும், அதனால் அம்மா ஒவ்வொரு பக்கமாகப் போட்டோ எடுத்து வாட்ஸ்ஆப்பில் அனுப்புவாள். கீழே நம்பர் போட்டிருக்கிறேன், அவள் மாற்றி அனுப்பினாலும் நீ வரிசையாகப் படித்துக்கொள். போனில் பேசுவதை விட்டு இந்த அப்பா எதற்குப் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறார் என்று நினைப்பாய், அதற்கும் காரணம் இருக்கிறது.

போளூர் துர்கா சித்தியின் பேத்திக்கு அடுத்த மாதம் காது குத்துகிறார்கள். உன் பெயரில் கொடுக்கப் பாவாடைத் துணி நம் தறியிலேயே நெய்து வைத்தாகிவிட்டது, மாம்பழ நிறம். சித்திக்குப் போன் செய்து ஒரு வார்த்தை பேசிவிடு, இல்லாவிட்டால் வருஷம் முழுக்கச் சொல்லிக்காட்டுவாள். இனி விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிறு நீ சொன்னதை நான் சரியாகப் பிடித்துக்கொண்டேனா பார். அந்த என்ஜினில் எட்டு சிலிண்டர், இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் நாலு. இரண்டு பக்கத்திலிருந்தும் தனித்தனியாகக் குழாய் வருகிறது. ஒரு வழி, இரண்டையும் சேர்க்காமல் அப்படியே காரின் பின்னால் வரை கொண்டுபோய் விடுவது. இன்னொரு வழி, நடுவில் இரண்டையும் கத்தரிக்கோல் மாதிரி சேர்த்து, ஒரு பக்கத்துப் புகை மறுபக்கத்துப் புகையையும் இழுத்துக்கொண்டு போகும்படி செய்து, மறுபடி பிரித்து விடுவது. சேர்த்தால் வேகமெடுக்கும்போது என்ஜினுக்கு மூச்சு முட்டாது, சத்தம் கூர்மையாக வரும், தனியாக விட்டால் சத்தம் கனமாக அதிரும். நீ சேர்க்கலாம் என்றாய், ஒர்க்‌ஷாப் முதலாளி தனித்தனியாகவே போகட்டும் என்றார். முழுக்க உன் பொறுப்பில் உருவாகும் முதல் கார் இது. இரண்டு விதமாகவும் தற்காலிகக் குழாய் மாட்டி ஓட்டி, சத்தத்தைப் பதிவு செய்து எனக்கு அனுப்பினாய். போன்ல கேக்காதீங்கப்பா, பெரிய ஸ்பீக்கர்ல போட்டுக் கேளுங்க, எட்டுத் தறி ஓடும்போது எந்தத் தறியில பேரிங் தேஞ்சிருக்குன்னு தெருவுல நின்னே சொல்ற காது உங்களுது, நீங்க எதைச் சொல்றீங்களோ அதையே போடுறேன் என்றாய். அந்தப் பெருமையில் அம்மா போட்ட காபியைக் குடிக்கவே மறந்துவிட்டேன்.

அப்போதே இளவரசன் கடைக்குப் போனேன். உன்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தானே, அவன்தான், இப்போது சவுண்ட் சர்வீஸ் வைத்துத் திருவிழாவுக்கெல்லாம் ஆளுயரப் பெட்டி கட்டுகிறான். அந்தப் பெட்டியில் போட்டுக் கேட்டோம். தனிக் குழாயின் சத்தம் நெஞ்சில் வந்து இடித்தது, கடை ஷட்டரே அதிர்ந்தது. சேர்த்த குழாயின் சத்தமோ யாரோ காருக்குப் போர்வை போர்த்தி ஓட்டுவது மாதிரி மங்கலாக இருந்தது. இளவரசன் "மாமா, ரெண்டாவதுதான் சோக்கா கீது, கத்தி மாதிரி போவுது" என்றான். உனக்கு மைக் செட் தெரியும், மிஷின் தெரியுமா என்று அவன் வாயை அடைத்துவிட்டு வந்து, தனிக் குழாய்தான் சரி என்று உனக்கு அடித்துச் சொன்னேன். நீ அரை மனசாக இழுத்துத்தான் சரிப்பா என்றாயாம், அம்மா பிறகு சொன்னாள். முதலாளியிடமும் போய் உங்கள் விருப்பப்படியே ஆகட்டும் என்று ஒப்புக்கொண்டுவிட்டாய்.

செவ்வாய்க்கிழமை நாலாம் நம்பர் தறியில் பேரிங் இறுகி, குறுக்கே ஓடும் நாடாக்கட்டை நெடுக்கு இழைப் பாவுக்கு நடுவிலேயே மாட்டிக்கொண்டு, பட்டு இழை ஒரு முழ அகலத்துக்கு அறுந்துபோயிற்று. அந்தத் தறியை ஓட்டுவது ஜெகநாதன். பேரிங் சொல்லாமல் கொள்ளாமலா இறுகும், முன்னாலேயே கத்தியிருக்குமே, என்ன பார்த்துக்கொண்டிருந்தாய் என்று அவனைப் பிடித்துச் சத்தம் போட்டேன். அவன் தலையைச் சொறிந்துகொண்டு, "ரெண்டு நாளா கீச்சு கீச்சுன்னு கத்திகினுதாண்ணா இருந்துச்சு. நீங்க பக்கத்துலயே நின்னுகினு ஒண்ணும் சொல்லலையே, அப்போ பரவால்ல போலன்னு வுட்டுட்டேன்" என்றான். பானு, அந்த இரண்டு நாளும் நான் அந்தத் தறிக்கு அருகில்தான் நின்றிருந்தேன். எனக்கு ஒரு கீச்சும் கேட்கவில்லை. என் காதுக்குத் தப்பி எதுவும் போகாது என்று தறி ஓடும் நம் செட்டில் எல்லாரும் நம்பி அவரவர் காதை மூடிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன், அவள் ஆச்சரியமே படவில்லை. குக்கர் விசில் எனக்குக் கேட்பதில்லை என்பது அவளுக்கு இரண்டு வருஷமாகத் தெரியுமாம். செட்டில் தறி ஓடும்போது யார் பேசுவதும் யார் காதிலும் விழாது, அங்கே எல்லாம் கைஜாடையும் வாயசைவும்தான், அதனால் அங்கே என் குறை வெளியே தெரியவே இல்லை. நீ போன் செய்யும்போதெல்லாம் அம்மா எதிரே உட்கார்ந்து நீ சொல்வதைச் சத்தமில்லாமல் வாயசைத்துக் காட்டுவாள், அதைப் பார்த்துத்தான் நான் உனக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். உன் ஊரில் டவர் சரியில்லை என்று எனக்கு நானே சமாதானம் வேறு சொல்லிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், உள்ளுக்குள் சந்தேகம் இருந்தும் உன்னிடம் மறைத்தேன். நீ கவலைப்படுவாய் என்பதற்காக மட்டும் இல்லை. அப்பா காதைப் பற்றி ஊரெல்லாம் பெருமை பேசுகிற பெண்ணிடம், அந்தக் காது போய்விட்டது என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

நேற்று அம்மாவே என்னை வேலூருக்கு இழுத்துக்கொண்டு போனாள். காது டாக்டர் ஒரு சின்ன ரூமில் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்துங்கள் என்றார். முதலில் பட்டனை விடாமல் அழுத்தினேன், அப்புறம் வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். பிறகு ஒரு படம் காட்டினார், கோடு பாதி தூரம் மேலேயே போய் அங்கிருந்து கிணற்றுக்குள் இறங்கிவிட்டது. கனமான சத்தம் இன்னும் கேட்கிறது, கூர்மையான சத்தம் போய்விட்டது, முப்பது வருஷத் தறிச்சத்தம்தான் காரணம், போனது போனதுதான், காதில் மிஷின் வைத்தால் பேச்சு கொஞ்சம் தெளியும் என்றார். திரும்பி வரும்போது பஸ் கண்ணமங்கலம் தாண்டும்போதுதான் எனக்கு உறைத்தது. நீ சேர்த்த குழாயின் சத்தம் மங்கலாக இல்லை. அதன் கூர்மை எனக்குக் கேட்கவில்லை, அவ்வளவுதான். இளவரசன் சொன்னது சரி. உனக்குச் சரியாகத் தெரிந்திருந்ததை நான் பிடிவாதம் பிடித்து மாற்றிவிட்டேன்.

பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குக்கூடப் போகாமல் அம்மாவையும் அழைத்துக்கொண்டு இளவரசன் கடைக்கே போனேன். அவனிடம் மன்னிப்புக் கேட்டேன், பையன் நெளிந்தான். இரண்டையும் மறுபடி போடச் சொல்லி, நான் பெட்டியைப் பார்க்காமல் அம்மா முகத்தைப் பார்த்து உட்கார்ந்தேன். தனிக் குழாய்க்கு அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு சேலைத்தலைப்பால் காதைப் பொத்தினாள். அடுத்ததைப் போட்டதும் அவள் கை மெல்லக் கீழே இறங்கியது. புருவம் மேலே ஏறியது. பள்ளிக்கூடத்தில் நீ முதல் பரிசு வாங்கிக்கொண்டு மேடையிலிருந்து இறங்கியபோது அவளுக்கு இருந்த முகம் அது. முடிந்ததும் என் பக்கம் திரும்பி, எனக்குத் தெரியும்படி நிறுத்தி நிறுத்தி, "நம்ம பொண்ணு சொன்னது எது, இதுதானே" என்று வாயசைத்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, இளவரசனுக்குத் தெரியாமல் துடைத்துக்கொண்டேன்.

அதனால் சொல்கிறேன், நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். இப்போதும் இதைப் போடு அதைப் போடு என்று நான் சொல்லப்போவதில்லை. உன் காதில் எது சரியோ, உன் கணக்கில் எது சரியோ அதைச் செய். ஒத்துக்கொண்ட பிறகு முதலாளியிடம் மறுபடி எப்படிப் போய் நிற்பது என்று தயங்காதே. என் அப்பாவைக் கேட்டு முடிவு செய்தேன், அவருக்குக் காது கேட்காது என்று இப்போதுதான் தெரிந்தது என்று சொல்லிவிடு. அவர் சிரித்தால் சிரிக்கட்டும், பழியை என் மேல் போடு, ஆரணி வரைக்கும் வந்து யாரும் என்னை ஒன்றும் கேட்கப்போவதில்லை. இன்னொன்று, என்ஜினை ஓட்டிப் பார்க்கும்போது காதுக்குக் கட்டாயம் கவசம் போட்டுக்கொள். கொஞ்ச நேரம்தானே என்று விட்டுவிடாதே, நான் அப்படித்தான் முப்பது வருஷம் நினைத்தேன். செட்டில் எல்லாருக்கும் நேற்றே காதடைப்பு வாங்கிவந்துவிட்டேன், ஜெகநாதன் அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்த்துப் பார்த்துச் சிரிக்கிறான்.

நீ எடுத்த காரியம் நல்லபடியாக முடிந்து, நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும் என்று நானும் அம்மாவும் ஆசீர்வதிக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வா, ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்காராதே, உன் வாய் எனக்குத் தெரிய வேண்டும். சித்திக்குப் போன் செய்ய மறக்காதே. உன் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த அன்று எட்டுத் தறியும் ஓடிக்கொண்டிருந்தது, நீ செட் வாசலில் நின்று கையை விரித்து நாடா ஓடுவது மாதிரி இப்படியும் அப்படியும் ஆட்டினாய். தறி நன்றாக ஓடுகிறது என்பதற்கு நம் செட்டில் காட்டும் ஜாடை அது, நீ ஒரு வார்த்தை பேசாமலே எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. கார் முதல் முறை கிளம்பும் நாளில் எனக்குச் சத்தத்தைப் பதிவு செய்து அனுப்பாதே பானு. பக்கத்தில் நின்று கையை அதே மாதிரி ஆட்டிக் காட்டு, எனக்குக் கேட்கும்.

இப்படிக்கு,
உன் மேல் உயிரையே வைத்திருக்கும் அப்பா,
சந்திரமோகன்.