இடுப்பளவுத் தண்ணீர்

8 பிப்ரவரி 1987, ஞாயிறு

பயிற்சி தொடங்கி இன்றோடு நான்கு வாரம். பள்ளிக்கூட வராந்தாவில் பதினொரு பேர் உட்கார்ந்தோம். மெட்ராஸிலிருந்து வரும் ராஜேந்திரன் சார் கரும்பலகையில் ஓர் உருண்டை வரைந்தார். பூமி சூடேறிக்கொண்டே போகிறதாம். மழை தப்புகிறது, ஏரி வற்றுகிறது. இதையெல்லாம் கண்ணால் பார்த்து, எழுதி வைத்து, அதிகாரிகள் முன்னால் நின்று பேச ஊருக்கு ஊர் இளைஞர்கள் வேண்டுமாம்.

பூமி சூடாகிறதோ இல்லையோ, என் வயிறு எரிகிறது. காரணம் பிலோமினா.

எட்டாம் வகுப்பு வரை என்னோடு படித்தவள். நான் முதல் பெஞ்சு, அவள் கடைசி. பிறகு படிப்பை நிறுத்திவிட்டு அம்மாவோடு ஏரியில் இறங்கிக் கையால் இறால் தடவிப் பிடிக்கப் போய்விட்டாள். சார் இன்று அவளை எழுப்பி நிறுத்தி, ஏரியைப் பற்றி எனக்கே பாடம் எடுக்கிற பெண் இவள் என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன், தட்டாமல் இருந்தால் தெரிந்துவிடுமே.

பத்தாவதில் ஊரிலேயே முதல் மார்க் வாங்கிய பரீதாவுக்கு என்ன வேலை? யார் என்ன பேசினார்கள் என்று நோட்டில் எழுதுவது. கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறதாம்.

15 பிப்ரவரி, ஞாயிறு

ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தை மணல் மூடிக்கொண்டு வருகிறது. முழுக்க மூடினால் கடல் தண்ணீர் உள்ளே வராது, அதோடு மீனும் வராது. உள்ளே இருப்பது கோடையில் வெந்து சாகும். ஆழம் மூன்றடிக்குக் கீழே போனால் மணல் வெட்ட அரசாங்கம் இயந்திரம் அனுப்புமாம், சார் விசாரித்து வந்திருக்கிறார். ஆகவே ஞாயிறுதோறும் தண்ணீர் நன்றாக வற்றும் நேரத்தில் ஆழம் பார்ப்பது, அதை எழுதி மனுக் கொடுப்பது என்று முடிவு.

பையன்கள் கழி விட்டுப் பார்த்தார்கள். நான்கு பேர் நான்கு அளவு சொன்னார்கள். கழி மணலில் புதைகிறது. பிலோமினா சிரித்துக்கொண்டே இறங்கினாள். "கழி பொதையும் சார். என் காலு பொதையாது. கழுத்துத் தண்ணி, எழுதிக்கோ பரீதா" என்றாள்.

இனி அவள் உடம்புதான் அளவுகோல். அவள் முழங்கால், இடுப்பு, மார்பு, கழுத்து எல்லாம் தரையிலிருந்து எத்தனை அங்குலம் என்று எடுத்து, அடிக்கணக்கில் மாற்றி எழுதச் சொன்னார் சார். உங்கள் வாப்பா டெய்லர்தானே, டேப் இருக்குமே என்றார்.

16 பிப்ரவரி

டேப்பை எடுத்துக்கொண்டு அவள் தெரு முனை வரை போனேன். அப்புறம்தான் உறைத்தது. தரையிலிருந்து அளக்க வேண்டுமென்றால் அவள் நிற்பாள், நான் காலடியில் குந்த வேண்டும். நானா? அவள் காலடியிலா?

திரும்பி வந்துவிட்டேன். கதவைத் தாழிட்டு என்னையே அளந்துகொண்டேன். இடுப்பு நாற்பது அங்குலம். அவள் கொஞ்சம் குள்ளம். கொஞ்சம்தானே.

அளந்தாயிற்று என்று சாரிடம் சொல்லிவிட வேண்டியதுதான்.

1 மார்ச், ஞாயிறு

மார்புத் தண்ணீர். எனக்குக் கரை வரைதான் வாப்பாவின் அனுமதி. குடை பிடித்துக்கொண்டு எழுதினேன். ஒருவராவது என் பக்கம் திரும்பியிருந்தால் ஆச்சரியம்.

22 மார்ச், ஞாயிறு

பொன்னேரியில் அதிகாரி முன்னால் யார் பேசுவது? எங்கள் ஏரியில் எந்த நாள் யார் வலை போடுவது என்பதைச் சீட்டுப் போட்டுத்தான் தீர்ப்பார்கள். அதற்குப் பாடு என்று பெயர். இதையும் பாடு முறையிலேயே முடிப்போம் என்றார்கள் பையன்கள். பதினொரு சீட்டையும் நானே எழுதினேன். ராத்திரியே கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்த்து வைத்திருந்தேன் — 'மதிப்பிற்குரிய ஐயா' என்று.

பிலோமினா பெயர் வந்தது. என் முத்து முத்தான கையெழுத்தில்.

சீட்டுக்குக்கூட அவளைத்தான் பிடிக்கிறது.

5 ஏப்ரல், ஞாயிறு

காலையில் இடுப்புத் தண்ணீர். நாளை மனு நாள். சாருக்குக் காய்ச்சல், வரவில்லை. மனுவை நான்தான் நகல் எடுத்தேன். இடுப்பு என்றால் நாற்பது அங்குலம். மூன்றடி நான்கு அங்குலம்.

பேனா அங்கேயே நின்றது. மூன்றடிக்கு மேலே இருக்கிறதே. அவள் என் தோள் வரைக்கும்தான் வருவாள். இப்போதாவது போய் அளந்திருக்கலாம், அவள் வீடு நான்கு தெரு தள்ளித்தான்.

போகவில்லை. அப்படியே எழுதினேன். போய்ப் பேசட்டுமே, பேச்சுக்காரி.

6 ஏப்ரல், திங்கள்

கூடப் போன படகுக்காரர் உலகநாதன் வந்து வாப்பாவிடம் சொன்னதைக் கேட்டேன். அதிகாரி மரியாதையாகத்தான் பேசினாராம். நீங்கள் எழுதியதிலேயே மூன்றடி நான்கு அங்குலம் இருக்கிறதே, குறைந்த பிறகு வாருங்கள் என்றாராம். பிலோமினாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "இடுப்புத் தண்ணிதான் சார், நான்தான நின்னேன்" என்று இடுப்பைத் தொட்டுக் காட்டியிருக்கிறாள். குமாஸ்தாக்கள் சிரித்தார்களாம்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை எழுதாமல் விட்டால் அப்புறம் இந்த நோட்டு எதற்கு?

19 ஏப்ரல், ஞாயிறு

இரண்டு வாரமாகத் தென்காற்று. முகத்துவாரத்தில் படகு தரை தட்டுகிறது. மடவை மீன் செத்துக் கரையோரம் வெள்ளையாக ஒதுங்கிக் கிடக்கிறது. ஊரே நாறுகிறது. பிலோமினாவின் அம்மா ஆரம்பாக்கத்துப் பக்கம் கூலி வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டார். இறால் இல்லையென்றால் வேறென்ன செய்வார்?

பிலோமினா பயிற்சிக்கு வருவதில்லை. படிக்காத வாயை வைத்துக்கொண்டு நான் ஏன் போனேன், ஊர்க் காரியத்தைக் கெடுத்துவிட்டேன் என்று அழுதாளாம். இன்று ஈஸ்டர். கோயிலுக்குக்கூட அவள் வரவில்லையாம்.

சந்தோஷமா பரீதா? இதைத்தானே கேட்டாய்?

21 ஏப்ரல், செவ்வாய்

வாப்பாவிடம் சொல்லிவிட்டேன். அவர் கத்திரியைக் கீழே வைத்தார். ஒருத்தர் அளவுக்கு இன்னொருத்தர் சட்டையைத் தைத்துக் கொடுத்துவிட்டு, போட்டவனைக் குறை சொல்கிற டெய்லரை இன்றுதான் பார்க்கிறேன் என்றார். மறுபடி கத்திரியை எடுத்துக்கொண்டார். திட்டியிருந்தால் தேவலை.

அப்படியே டேப்பை எடுத்துக்கொண்டு பிலோமினா வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்றபடி எல்லாவற்றையும் சொன்னேன். பொறாமை என்ற வார்த்தையையும் சொன்னேன். நாக்கில் ஒட்டிக்கொண்டு வந்தது.

அவள் தரையில் உட்கார்ந்தாள். அப்புறம், "எங்கம்மா கருக்கல்ல எழுந்து பஸ் ஏறுது. அது தெரியுமா உனக்கு?" என்றாள். தெரியும் என்றேன்.

எழுந்து போய்ச் சுவரோடு முதுகை ஒட்டி நின்றாள். "அளந்துக்கோ" என்றாள்.

காலடியில் குந்தினேன். முழங்கால் பதினாறு. இடுப்பு முப்பத்து நான்கு.

மூன்றடிக்கு இரண்டு அங்குலம் குறைவு. அந்த இரண்டு அங்குலம் போதும், இயந்திரம் அப்போதே வந்திருக்கும்.

27 ஏப்ரல், திங்கள்

முழங்கால் தண்ணீர் என்று புது மனு. ஆனால் போன மனுவில் இடுப்பு நாற்பது அங்குலமாயிற்றே, எதை நம்புவது என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்ல நான் போக வேண்டும் என்றார் சார். நான் செய்ததைச் சொன்னபோது என்னைத் திட்டவில்லை. நோட்டை மட்டும் வேறொருத்தர் கையில் கொடுத்துவிட்டார்.

அதிகாரி முன்னால் நின்று பேச எத்தனை நாள் ஆசைப்பட்டேன். பேசினேன். 'மதிப்பிற்குரிய ஐயா' எல்லாம் மறந்துபோனது. "தப்பா எழுதினது நான் சார். அது என் இடுப்பு அளவு. அவளோடது இல்ல."

குமாஸ்தாக்கள் இந்த முறையும் சிரித்தார்கள். பிலோமினா சிரிக்கவில்லை. அதிகாரி இரண்டு மனுவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஆள் அனுப்பி அளக்கச் சொல்கிறேன் என்றார்.

31 மே, ஞாயிறு

பெருநாள் முடிந்து இரண்டாம் நாள் இயந்திரம் வந்தது. செத்த மீன் செத்ததுதான். பிலோமினாவின் அம்மா இன்னும் ஆரம்பாக்கத்தில்தான் வேலை பார்க்கிறார்.

28 ஜூன், ஞாயிறு

சுண்ணாம்புக்குளத்தில் புதிதாக ஒரு குழு சேர்ந்திருக்கிறது, ஒன்பது பேர். அவர்களுக்குப் பாடம் எடுக்கப் பிலோமினா போனாள். என்னையும் கூப்பிட்டாள். அடியில் பலகை அறைந்து, அங்குலம் அங்குலமாக வர்ணம் அடித்த கழியைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். பலகை இருப்பதால் புதையாது. நான் சொன்ன யோசனைதான், ஆனால் யார் யோசனை என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்தப் பழைய எரிச்சல் லேசாகக் கிளம்பியது. இல்லை என்று பொய் எழுத மாட்டேன்.

ஒரு பெண் கேட்டாள், இடுப்புத் தண்ணீர் என்று எழுதினால் போதாதா, கழி எதற்கு என்று. நான் தலையைக் குனிந்துகொண்டேன். பிலோமினா என் பக்கம் திரும்பவே இல்லை.

"யார் இடுப்புனு கேப்பாங்கம்மா. எங்க ஊர்ல நாங்க தப்பா எழுதிட்டோம். அதான் இந்தக் கழி" என்றாள்.

நாங்க என்றாள். அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் பெயரைச் சொல்லியிருப்பேன். அப்பன் பெயரையும் சேர்த்தே சொல்லியிருப்பேன்.

இதற்கும் பொறாமைப்பட்டுக்கொண்டேதான் பஸ்ஸில் வந்தேன். அவள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். சரியாகத் தோள் உயரம்தான்.