கியர் எண்ணெய்க்கு இரண்டு பேர்

அக்டோபர் 8, புதன்

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. பாறசாலை வரை வண்டியில் போய் பால், ரொட்டி, கொசுவத்தி. திரும்பும்போது மூன்றாம் கியர் மறுபடி கறகற. ஒவ்வொரு தடவையும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் விழுகிறது. கியர் எண்ணெய் மாற்றி மூன்று வருஷம். அன்றைக்கு எஸ்தர் இங்கே இருந்தாள்.

ரிட்டயர் ஆனதும் இந்தப் பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்கினபோது மகன் கேட்டான், ரெண்டு சீட் வண்டி எதுக்கப்பா என்று. வீட்டில் நானும் உன் அம்மாவும் ரெண்டு பேர்தானே என்றேன். பிறகு அவனுக்குக் குழந்தை பிறந்தது. பார்த்துக்கொள்ள எஸ்தர் புனேக்குப் போனாள். மூன்று மாதம் என்று சொல்லித்தான் பெட்டி கட்டினாள். குழந்தை இப்போது நர்சரிக்குப் போகிறது.

சாயங்காலம் அவள் போன். ஞாயிற்றுக்கிழமை சபை அசனம், சர்ச்சில் எல்லோருக்கும் விருந்துச் சோறு, அதற்கு வருகிறாளாம். சனி காலை ரயில் வந்து சேரும்.

"ஸ்டேஷனுக்கு நான் வாறேன்."

"அந்த வண்டியிலயா? மழையாக்கும். ஒழுகும்."

"ஒழுகாது."

ஒழுகும். அவள் பக்கத்துக் கண்ணாடி ரப்பர் போய்விட்டது.

இந்தத் தடவை கேட்டுவிட வேண்டும், இனி போக வேண்டாம் என்று. போனில் எனக்கு வராது. வண்டியில் கேட்கலாம். ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசலாம். நடுவில் கியர் கத்தாமல் இருந்தால் போதும்.

அக். 9, வியாழன்

வெயில். பஸ்ஸில் நெய்யாற்றங்கரை.
வாங்க: கியர் எண்ணெய், செம்பு வாஷர், தலையணை உறை ரெண்டு, மட்டிப்பழம் (எஸ்.க்கு).

கடைக்காரர் வேறு ஏதோ பாட்டிலை நீட்டினார். "இது மதி சாரே, இதே போதும். எல்லாரும் இதாக்கும் கொண்டு போறது."

ஜி.எல். ஐந்து ரகம். இந்த கியர்பாக்ஸுக்கு நாலுதான் ஊற்ற வேண்டும். ஐந்தில் உள்ள மருந்து உள்ளே இருக்கிற பித்தளை வளையங்களை அரித்துவிடும் என்றேன்.

"சாருக்க வண்டிக்க வயசுக்கு பித்தளை மிச்சம் உண்டா?"

சிரிப்பு வந்துவிட்டது. மூன்று கடை ஏறி நாலு கிடைத்தது. வாஷர் உண்டு. தலையணை உறை மறந்துவிட்டேன்.

அக். 10, வெள்ளி

இன்றைக்கு நான் செய்த முட்டாள்தனத்தை எழுதிவைக்கிறேன். யாரிடமும் சொல்ல முடியாது, ஆளும் இல்லை.

வண்டியை நாலு ஸ்டாண்டில் மட்டமாகத் தூக்கி நிறுத்தினேன். கியர்பாக்ஸில் ரெண்டு போல்ட். கீழே உள்ளது பழைய எண்ணெய் வடிய. பக்கவாட்டில் மேலே உள்ளது புதுசு ஊற்ற. முதலில் மேலே உள்ளதைத்தான் கழற்ற வேண்டும். விரலை விட்டால் அளவும் தெரியும். அது கழலாவிட்டால் கீழே தொடவே கூடாது. எத்தனை பேருக்கு நானே சொல்லியிருக்கிறேன்.

ஸ்பேனரை எடுக்கும்போது போன், ரயிலிலிருந்து. எஸ்தர்.

"திரும்பிப் போவ டிக்கெட் எடுத்தாச்சு. செவ்வாய்க்கிழமை. இல்லெங்கி பிறகு கிடைக்காதாம்."

சரி என்றேன். வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தேன். கை கீழ் போல்ட்டைக் கழற்றிவிட்டது. எண்ணெய் கறுப்பாக, கருகல் வாசனையோடு இறங்கியது. போல்ட் நுனிக் காந்தத்தில் இரும்புத் தூள் மீசை போல. கடைசிச் சொட்டு விழுந்த பிறகுதான் மேல் போல்ட் ஞாபகம் வந்தது.

அசையவில்லை. துருப்பிடித்துப் போயிருக்கிறது. ஸ்பேனர் வழுக்கி மூலை மழுங்கியதுதான் மிச்சம். எண்ணெய் இல்லாத கியர்பாக்ஸ், நாலு ஸ்டாண்டில் வண்டி. ஸ்டேஷனுக்கு எதில் போக?

களியக்காவிளை மெக்கானிக்குக்கு போன் செய்தேன். பொழியூரில் ஒரு போட் எஞ்சினோடு கிடக்கிறானாம். "திங்களாழ்ச்ச வாறேன் அண்ணா. மேல உள்ளதையாக்கும் முதல்ல கழத்தணும்."

எனக்குத் தெரியாதா.

துருவுக்கான ஸ்ப்ரே அடித்து விட்டிருக்கிறேன். ராத்திரிக்கு ரொட்டி.

அக். 11, சனி

எஸ். ஆட்டோவில் வந்தாள். "மக்கா, பெட்டிய வாசல்ல வையி" என்று டிரைவரிடம் சொல்கிற சத்தம் கேட்டபோது நான் வண்டிக்கு அடியில். மெலிந்திருக்கிறாள். பிரிட்ஜைத் திறந்து பார்த்துவிட்டு, "முட்டை மட்டும் தின்னா ஜீவிக்கிதிய?"

மத்தியானம் மீன் குழம்பு. ரெண்டு தடவை சோறு.

பிறகு வெந்நீர் கேட்டேன், கெட்டில் கெட்டிலாகக் கொண்டுவந்தாள். எதற்கென்று கேட்கவில்லை. போல்ட்டைச் சுற்றி ஊற்றி, உளி வைத்து அடித்தேன். ஒரு சத்தம் போட்டுக் கழன்றது. மழுங்கிய மூலைகளை ராவி ஒரு மாதிரி சரிசெய்தாயிற்று.

எண்ணெய் ஏற்றுகிற கைப்பம்பின் வாஷர் போச்சு. அதனால் மூன்று வருஷத்துக்கு முந்தின வழிதான். மேலே பானெட்டுக்குள் புனல், அதிலிருந்து கீழே குழாய். ஒருத்தர் ஊற்ற, ஒருத்தர் அடியில் படுத்து, நிறைந்து வழியும்போது போதும் என்று சொல்ல வேண்டும். ஒற்றை ஆளுக்கு நடக்காது.

அடியிலிருந்து அவள் கால் மட்டும்தான் தெரிந்தது. இடது செருப்பு என்னுடையது.

"ஊத்தட்டா?"

"மெதுவா."

குழாயில் எண்ணெய் இறங்குகிற சத்தம். முகம் தெரியாததால் தைரியம் வந்தது.

"எஸ்தரே. செவ்வாய்க்கிழமை போவாண்டாம்."

ஊற்றுவது நின்றது. கால் அசையவில்லை.

"பிள்ளைய யாரு நோக்குவா?"

"ஆளு வைக்கட்டு. எனக்கு இங்க பேசுறதுக்கு ஆளில்ல."

பிறகு மறுபடி எண்ணெய் இறங்கியது. துவாரம் நிறைந்து என் விரலில் பட்டு, முழங்கை வரை வழிந்தது.

"போதுமா?"

"இன்னும் கொஞ்சம்."

"கள்ளம் பறையாதீங்க. தரையில ஓடுது, செருப்பு நனையுது. போதும். வெளிய வாங்க."

அக். 12, ஞாயிறு

வண்டியில் சர்ச்சுக்குப் போனோம். மூன்றாம் கியர் தானாக விழுகிறது. எஸ்.க்குத் தோளில் மழை. "சத்தம் போச்சா?" என்றாள். போச்சு என்றேன். ரோட்டைப் பார்த்துக்கொண்டு ஓட்டினேன்.

அசனத்தில் நான் இலை இலையாகச் சோறு விளம்பினேன். பின்னால் யாரோ அவளிடம், "இனி போவாண்டாம்தானே?"

"போணும் சேச்சி. பிள்ளை என்னையில்லாம உறங்காது."

எனக்குக் கேட்டது அவளுக்குத் தெரியும்.

அக். 14, செவ்வாய்

மழை இல்லை. ஸ்டேஷனில் விட்டேன். "கிறிஸ்துமஸுக்கு வரப் பாக்கேன். சோறு வச்சுத் தின்னணும், கேட்டியளா?"

மெக்கானிக் சொன்னபடி நேற்று வரவில்லை. இனி வேண்டாம்.

போல்ட்டில் கசிவு இல்லை. மீந்த கியர் எண்ணெயைத் தேடினேன். மூடியைத் துடைத்து, அடுக்களையில் தேங்காய் எண்ணெய்க்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். ஷெட்டுக்குக் கொண்டுபோக எடுத்தேன். திரும்ப அங்கேயே வைத்துவிட்டேன்.

தோசைக்கு ஊற்றும்போது பார்த்து எடுக்க வேண்டும்.