கப்பல் படத்தை முழுசாகப் பார்த்தோம்

பந்தர்,
திங்கட்கிழமை

என் ஹைமா கண்ணுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் உன் அப்பாவும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குச் சண்டை போட்டு, சௌக்கியமாகவே இருக்கிறோம், அந்தக் குளிர் ஊரில் நீயும் உடம்பைப் பார்த்துக்கொண்டு சௌக்கியமாக இருக்க வேண்டும் என்பதுதான் தினமும் என் வேண்டுதல். போன தடவை அனுப்பிய போட்டோவில் உன் கழுத்து எலும்பு துருத்திக்கொண்டு தெரிகிறது, ராத்திரி வெறும் ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுக்காதே, நான் கொடுத்தனுப்பிய கோங்கூரா ஊறுகாய் தீர்ந்துவிட்டதா என்று எழுது. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் உன் படத்தைப் பற்றி வாயைத் திறந்தாலே, அம்மா, அடுப்புல ஏதோ வெச்சிருக்கேன் அப்புறம் பேசறேன் என்று வைத்துவிடுகிறாய், நாலு வருஷமாக உன் அடுப்பில் அப்படி என்னதான் வேகிறதோ தெரியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன், உட்கார்ந்து கடைசிவரை படி. நேற்றுக் காலை உன் கப்பல் படத்தை நம் ஊர் மினர்வா தியேட்டரில் பார்த்தோம். தயாரிப்பாளர் வெட்டி ரிலீஸ் செய்ததை இல்லை. நீ எடுத்தபடி, நீ நினைத்தபடி, முழுசாக.

முழுப் படத்தையும் போடலாமா என்று ஏசுபாதம் மெயில் போட்டதற்கு நீ சரி என்று ஒரே ஒரு வார்த்தை பதில் அனுப்பினாயாமே, அவரே சொன்னார். உன் எடிட்டர் என்பதற்காகச் சொல்லவில்லை, அந்த மனுஷனுக்கு ஆயுசு நூறு ஆகட்டும். உன் ஹீரோ இப்போது பெரிய ஸ்டார், அவர் பிறந்தநாளுக்குப் பழைய படம் ஒன்றை மறுபடி போட வேண்டும் என்று ரசிகர் சங்கங்கள் கேட்டதும், தயாரிப்பாளர் ரங்கநாயகுலு காரு இந்தப் படத்தைத் தூசி தட்டி எடுத்திருக்கிறார். ஏசுபாதம் அவர் எதிரில் போய் நின்று, அய்யா, அன்னிக்குக் கூச்சல் போட்ட ஜனங்க இன்னிக்கும் கூச்சல் போடுவாங்க, அதே படத்தைப் போட்டா அதே மரியாதைதான் கிடைக்கும், அந்தப் பொண்ணு முடிச்சுக் கொடுத்த படம் என்கிட்ட பத்திரமா இருக்கு, ஒரு ஊர்ல ஒரே ஒரு காட்சி போட்டுப் பாருங்க என்றாராம். படம் எடுத்தது நம் மங்கினபூடி கடற்கரையில், கூட்டத்தில் நடித்தது நம் ஊர் ஜனம், அதனால் பந்தரிலேயே போடலாம் என்று முடிவாயிற்று.

முதல் தடவை இங்கே ரிலீஸ் ஆனபோது நடந்தது உனக்குத் தெரியும், ஆனால் எல்லாம் தெரியாது. நீ அப்போது ஹைதராபாத்தில் இருந்தாய். படத்தில் தம்பியாக வரும் ஹீரோ, கப்பலோடு கட்டியிருந்த அண்ணன் படகின் கயிற்றைப் புயலில் அறுக்கிறான், அண்ணன் தண்ணீரில் போகிறான், கண்ணை மூடித் திறப்பதற்குள் தம்பி பாரசீகத்தில் பட்டு உடுத்திக்கொண்டு பத்துப் பெண்களோடு ஆடுகிறான். அந்தப் பாட்டை ரங்கநாயகுலு காரு தனியாக எடுத்துச் சேர்த்தார் என்று ஜனங்களுக்கு எப்படித் தெரியும்? அண்ணனைக் கொன்னுட்டு ஆட்டமாடா என்று ஒரே கூச்சல். அதில் எல்லாருக்கும் மேலே கத்தியது ஐஸ் பேக்டரி நாஞ்சாரய்யா, இந்தப் படத்தை எடுத்தது யாரு பொண்ணுப்பா, வீட்டு அட்ரஸ் சொல்லுங்க என்றான். உன் அப்பா எழுந்தார். டிரில் மாஸ்டர் குரல் எப்படி இருக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. என் பொண்ணுதான்டா, வாடா வீட்டுக்கு, உப்மா போடறேன் என்று கத்திவிட்டு வரிசையைத் தாண்டிப் போய் அவன் சட்டையைப் பிடித்துவிட்டார். தியேட்டர்க்காரர்கள் இவரைத்தான் வெளியே அனுப்பினார்கள். அதன் பிறகு உன் படத்தின் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவார், மீதிப் படத்தைப் பார்க்கவும் இல்லை. நீ இதைக் கேட்டால் இன்னும் நொந்துபோவாய் என்றுதான் சொல்லவில்லை, இப்போது சொல்லலாம், இப்போது சிரிக்கலாம்.

ஆகவே நேற்றுக் கிளம்பும் முன் உன் அப்பாவை என் தலையில் அடித்துச் சத்தியம் செய்ய வைத்தேன், யார் என்ன சொன்னாலும் வாயைத் திறக்கக்கூடாது, இடத்தை விட்டு எழக்கூடாது என்று. தியேட்டர் வாசலில் ஸ்டாருக்கு வைத்த கட்-அவுட் பக்கத்துக் கட்டிடத்தைவிட உயரம், மேளம், பாலாபிஷேகம், எல்லாம் இருபது வயசுப் பிள்ளைகள், கை நிறைய கிழித்த காகிதம். இவர்கள் வந்தது அந்தப் பாட்டுக்கு. படம் ஓடாவிட்டாலும் பாட்டு ஓடிவிட்டதே, கல்யாண வீட்டில் எல்லாம் அதுதானே போடுகிறார்கள். நீ எடுத்ததில் அந்தப் பாட்டே கிடையாது, இவர்களுக்கு அது தெரியாது. சங்கத் தலைவன் யார் என்கிறாய்? அதே நாஞ்சாரய்யா. எங்களைப் பார்த்ததும் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல், வாங்க மாஸ்டாரு, வாங்க அக்கா, ஃபேனுக்குக் கீழே உட்காருங்க என்று நல்ல இடமாகப் பார்த்து உட்கார வைத்தான். உன் அப்பா சத்தியத்துக்குக் கட்டுப்பட்டு ஒரு வார்த்தை பேசவில்லை, ஆனால் பார்த்த பார்வை இருக்கிறதே.

படம் ஆரம்பித்தது. ஸ்டார் வந்ததும் காகிதம் பறந்தது, விசில், திரைக்கு முன்னால் ஆட்டம். கண்ணு, உள்ளதைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே, அந்த நவாப் தர்பார் காட்சி நீளம்தான். வியாபாரிகள் ஒவ்வொருவராக வந்து வணக்கம் சொல்லி, துணியை விரித்து, விலை பேசி, எனக்கே கொட்டாவி வந்தது, பாதிப் பேர் எழுந்து மிளகாய் பஜ்ஜி வாங்கப் போய்விட்டார்கள். அதை வெட்டிய வரைக்கும் ரங்கநாயகுலு காரு செய்தது தப்பே இல்லை. முழுசு என்பதாலேயே எல்லாம் நல்லது என்று ஆகிவிடாது. ஆனால் அதற்குப் பிறகு வந்தது பார், அண்ணனும் தம்பியும் கப்பல் மேல்தட்டில் உட்கார்ந்து கருவாடும் சோறும் சாப்பிடுகிற இடம். அண்ணன் மீன் முள்ளை எடுத்துக்கொண்டே, நாளைக்கு என் படகு தண்ணி குடிச்சு கப்பலை இழுத்துச்சுன்னா கயித்தை அறுத்துடுடா, இந்தக் கப்பல்ல இருக்கறவன் ஒவ்வொருத்தனும் ஒருத்தி பெத்த புள்ளை, நான் சொல்லிட்டேன், அப்புறம் நீ யோசிக்கக்கூடாது என்கிறான். தம்பி, அண்ணே, உப்பு கம்மி என்கிறான். அவ்வளவுதான் காட்சி. இதையா வெட்டினார்கள்? இதை எடுத்துவிட்டால் அந்தத் தம்பி கொலைகாரனாகத்தானே தெரிவான்? நீ பேசிய பேச்சில் பாதியை விழுங்கிவிட்டு மீதியை ஊரில் போய்ச் சொன்ன மாதிரி இருந்திருக்கிறது முதல் படம், ஊர் உன் மேல் கோபப்பட்டதில் என்ன ஆச்சரியம்.

புயல் வந்தது. தம்பி கத்தியை எடுத்தான். என் கையை உன் அப்பா பிடித்த பிடியில் வளையல் உடைந்தது, நிஜமாகவே உடைந்தது. இப்போது கத்துவார்கள், இப்போது கத்துவார்கள் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். கயிறு அறுகிற சத்தம் கேட்டது, மனுஷர் சத்தம் ஒன்றும் இல்லை. கண்ணைத் திறந்தால் தம்பி அறுந்த கயிற்று நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், கடல் மட்டும் ஆடுகிறது. அந்த நேரம் பார்த்து பின்னால் ஒரு பையன், பாட்டு எங்கடா, பாட்டைப் போடுங்கடா என்றான். இரண்டு மூன்று பேர் சேர்ந்துகொண்டார்கள். அப்போது நாஞ்சாரய்யா திரும்பிக்கூடப் பார்க்காமல், டேய், அண்ணன் செத்திருக்கான், பாட்டு கேக்குதா உனக்கு, வாயை மூடுடா என்றான். உன் அப்பா என் காதில், என்னடி யாருமே கத்தமாட்டேங்கறாங்க என்று கேட்டார், சண்டைக்குத் தயாராக வந்த மனுஷருக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை, கண் மட்டும் நிறைந்திருந்தது.

கடைசியில் தம்பி வீட்டுக்கு வருகிறான், தாய் ஒன்றும் கேட்காமல் இரண்டு தட்டில் சோறு போடுகிறாள். அவன் தலை குனிந்து தன் தட்டில் இருந்ததைச் சாப்பிட்டு முடிக்கிறான். அவள் இன்னொரு தட்டையும் அவன் பக்கம் தள்ளி, இதையும் நீயே சாப்பிடு என்கிறாள். ஹைமா, இந்தக் காட்சியை நீ எடுத்தாய் என்றே எனக்குத் தெரியாது. நீ என் வயிற்றில்தான் பிறந்தாயா என்று ஒரு நிமிஷம் தோன்றியது, இவ்வளவும் உனக்குள் எங்கே இருந்தது? கைதட்டு வந்தது, முன் வரிசையில் ஆரம்பித்துப் பின்னால் வரைக்கும். மீன் விற்கிற காசுலம்மா, அவள் தம்பி புயலில் போனவன் தெரியுமல்லவா, விளக்கு போட்ட பிறகும் எழவில்லை. வாடி போகலாம் என்றேன். நீ போ சுவர்ச்சலா, நான் கொஞ்சம் உட்கார்ந்துட்டு வரேன், எனக்கு இன்னிக்கு வேற வேலை இல்லை என்றாள். ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு எவ்வளவு வியாபாரம் என்று உனக்கே தெரியும்.

இதற்குள் பையன்கள் வெளியே போக நகர்ந்தார்கள், திரையில் பெயர்கள் ஓட ஆரம்பித்திருந்தன. சத்தியம் செய்த உன் அப்பா எழுந்து போய் வாசல் கதவில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். யாரும் போகக்கூடாது, என் பொண்ணு பேரு வரட்டும் என்றார். பள்ளிக்கூட மைதானத்தில் கேட்கிற அதே குரல். பாதிப் பேர் அவரிடம் டிரில் செய்தவர்கள், அப்படியே நின்றுவிட்டார்கள். கதை, இயக்கம், ஹைமவதி என்று வந்தது. நாஞ்சாரய்யா மிச்சம் வைத்திருந்த காகிதத்தை எல்லாம் அள்ளி மேலே வீசினான். ஸ்டாருக்கு என்று கிழித்தது, கண்ணு, உன் பெயருக்கு விழுந்தது. நான் அழவில்லை, உன் அப்பாதான் அழுதார், அவர் மாற்றிச் சொன்னால் நம்பாதே.

ரங்கநாயகுலு காரு பால்கனியிலிருந்து இறங்கி நேராக எங்களிடம் வந்தார். அம்மா, அன்னிக்கு நான் பயந்துட்டேன், போட்ட பணம் போயிடுமேன்னு கை வெச்சேன், கடைசியில பணமும் போச்சு படமும் போச்சு, இனிமே எல்லா ஊர்லயும் இதைத்தான் போடப்போறேன் என்றார். அவரை இரண்டு வார்த்தை கேட்க வேண்டும் என்று நாலு வருஷமாக வைத்திருந்தேன், அப்படி வந்து நின்ற மனுஷரிடம் என்ன கேட்பது, வீட்டுக்குக் கூட்டி வந்து பெசரட்டு தோசை போட்டேன். தர்பார் காட்சியை மட்டும் குறைக்க வேண்டுமாம், ஆனால் வேறு யார் கையும் இனி அதில் படக்கூடாது, பொண்ணே வந்து குறைக்கட்டும், வேண்டாம் என்றால் அப்படியே விடுகிறேன் என்கிறார். ஏசுபாதம் பக்கத்திலேயே உட்கார்ந்து தலையாட்டினார். உன்னிடம் அடுத்த படத்துக்குக் கதை இருக்கிறதா என்றும் ரங்கநாயகுலு காரு கேட்டார், அதற்கு நான் பதில் சொல்லவில்லை, அது நீ சொல்ல வேண்டியது.

இனிமேல் படமே எடுக்கப்போவதில்லை, அங்கேயே அடுத்தவர் சீரியலை எடிட் செய்துகொண்டு இருந்துவிடுவேன் என்று சொன்னாய், அந்த வேலை நிரந்தரமாகிவிடப் போகிறது என்றும் சொன்னாய். அதற்குக் கையெழுத்துப் போடுவதும் போடாததும் உன் இஷ்டம், நான் வா என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. ஊர் சிரித்துவிட்டது என்பதற்காக மட்டும் போடாதே, ஊர் அன்று பார்த்தது உன் படமே இல்லை. உன்னுடையதை நேற்றுத்தான் பார்த்தது.

கழுத்துக்குத் துணி சுற்றாமல் வெளியே போகாதே, தலைக்கு எண்ணெய் வை. அடுத்த வாரம் வியாழக்கிழமை ரங்கநாயகுலு காரு உனக்குப் போன் செய்வார், எடுத்துப் பேசு, வேண்டாம் என்றாலும் உன் வாயால் சொல். நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும், நல்ல ஆயுசோடும் நல்ல பெயரோடும் இரு. உன் அப்பா பக்கத்தில் நின்றுகொண்டு இதையும் எழுது என்கிறார்: படத்தை இன்னொரு தடவை பார்க்க வேண்டுமாம், இந்தத் தடவை என் பக்கத்தில் உட்கார மாட்டாராம், என் தொணதொணப்பு தாங்கவில்லையாம், உன் பக்கத்தில்தான் உட்காருவாராம்.

உன் பெயரைத் திரையில் படித்த கண்களோடு,
உன் அம்மா
சுவர்ச்சலா